புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள்

கேள்வி:

ஆயரம்மாவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டிலேயே கூலிக்குக் கொலுசு வேலை. அவர் பற்றவைப்பார், நான் சலங்கை கோப்பேன். கலியாணமானதிலிருந்து அவருடைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு வருஷமாக நானும் மகளும் மட்டும் பக்கத்தில் ஒரு ஜெப வீட்டுக்குப் போகிறோம். உட்கார்ந்து ஜெபிக்கவே அங்கேதான் கற்றுக்கொண்டேன், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அங்கே பாஸ்டர், "சபை வேறு, மணவாட்டி சபை வேறு. கறைதிரை, அதாவது கறையோ சுருக்கமோ, இல்லாதவர்கள் மட்டும்தான் கிறிஸ்துவின் மணவாட்டி. இயேசு திரும்பி வருகிற வருகையில் அவர்கள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள்" என்கிறார். எங்கள் பழைய சபையைச் செத்த சபை என்கிறார். நகை போட்டவர்கள் மணவாட்டியில் சேரமுடியாது என்று சொல்லி, ஏசாயா 3-ஆம் அதிகாரத்தில் கொலுசைப் பற்றியே எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினார். எங்கள் பாப்பாவுக்குப் 14 வயது. அன்றைக்கே கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள். அவள் அப்பா அவளுக்கென்றே செய்தது அது. இப்போது ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து வந்து, நான் படுக்கையில் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். இவரிடம் சொன்னால், "ஆம்பளை நான் எப்படி மணவாட்டி ஆவேன், பேசாமல் படு" என்கிறார். நாங்கள் மணவாட்டியா, இல்லையா? இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டுமா?

– செவ்வாய்ப்பேட்டை வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் பாப்பாவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

இன்று ராத்திரி அவள் எழுந்து வந்தால், "நான் இங்கேதான் இருக்கிறேன், போய்ப் படு" என்று அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவையுங்கள். விளக்கைப் போட்டு மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை எடுங்கள். விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில், எண்ணெய் எடுத்துவராத ஐந்து பேருக்குக் கதவு அடைபட்ட கதைதான் அவளை எழுப்பிவிடுகிறது என்று நினைக்கிறேன். ஐந்தாம் வசனத்தை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: "மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்."

அவர்களெல்லாரும். இந்த வார்த்தையில் அவள் விரலை வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் இல்லாத ஐந்து பேரும் தூங்கினார்கள், எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேரும் தூங்கினார்கள். தூங்கினதற்காக மணவாளன் ஒருத்தியையும் கோபித்துக்கொள்ளவில்லை. கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வர நேரமாகிவிட்டால், பட்டுப் பாவாடையோடு பிள்ளைகள் ஜமக்காளத்தில் சுருண்டுவிடுமே, அந்தத் தூக்கம். "விழித்திருங்கள்" என்று இயேசு அந்தக் கதையை முடிக்கிறார், உண்மைதான். ஆனால் அந்த விழிப்பு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பது என்றால், புத்தியுள்ள ஐந்து பேரும் தோற்றுப்போனவர்கள்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆயத்தமாக இருந்தவள் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. இதைப் பிரசங்கத்தில் நாங்கள் சொல்வதே இல்லை.

இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. எனக்கும் பதினோரு வயதில் வந்தது. எங்கள் ஊரில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. கடைசி நாள் வந்த பிரசங்கியார், வருகை நாளில் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், அம்மா இருக்கமாட்டாள் என்று சொன்னார். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் உலை கொதித்து மூடி ஆடிக்கொண்டிருந்தது. அம்மா இல்லை. கொல்லைக்கு ஓடினேன், அங்கேயும் இல்லை. அவளுடைய செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. புத்தகப் பையை இறக்காமலே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பக்கத்து வீட்டில் புளி வாங்கப் போயிருந்தாள், அவ்வளவுதான். கையில் புளி உருண்டையோடு வந்து, "ஏன்டி இப்படி வேர்த்திருக்கு?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் ஆளில்லாத வீட்டில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது. அப்புறம் முப்பது வருஷம் வேதம் கற்பித்தேன். அந்தப் பிரசங்கியார் கெட்டவர் என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் சொன்னது தவறு.

பாப்பாவின் தூக்கம் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால், விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்களோ என்று தயங்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஜெபமும் பண்ணுங்கள், இதையும் செய்யுங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

"நாங்கள் மணவாட்டியா" என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய ஏற்பாட்டில் தனி ஒரு ஆளைப் பார்த்து, நீ கிறிஸ்துவின் மணவாட்டி என்று எங்கும் சொல்லியிருப்பதாக நான் பார்த்ததில்லை. மணவாட்டி ஒருத்திதான். அவள் முழுச் சபை. "கிறிஸ்துவும் சபையில் அன்புகூர்ந்து" தம்மை ஒப்புக்கொடுத்தார் என்று எபேசியர் 5-ல் பவுல் எழுதுகிறார். சபைக்குள்ளே இருக்கிற நல்ல பகுதியில் மட்டும் அன்புகூர்ந்தார் என்று எழுதவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 21-ல் தூதன், "மணவாட்டியைக் காட்டுகிறேன் வா" என்று யோவானைக் கூட்டிக்கொண்டுபோய் எதைக் காட்டுகிறான்? ஒரு பெண்ணை இல்லை, ஒரு நகரத்தை. 12 வாசல், 12 அஸ்திவாரம். வாசல்களில் இஸ்ரவேலின் 12 கோத்திரத்தாருடைய நாமங்கள், அஸ்திவாரங்களில் 12 அப்போஸ்தலருடைய நாமங்கள். அவ்வளவு பேரையும் சேர்த்துத்தான் ஒரு மணவாட்டி. அந்த நகரத்தின் வாசல்கள் அடைக்கப்படுவதும் இல்லை. தனித்தனி ஆத்துமாவையும் மணவாட்டி என்று சொல்கிற வழக்கம் பிற்பாடு வந்தது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற வேத அறிஞர், வேதத்திலுள்ள காதல் பாட்டான உன்னதப்பாட்டுக்கு விளக்கம் எழுதும்போது சபையையும் சொன்னார், ஆத்துமாவையும் சொன்னார். அது தியானத்துக்கு அழகானது, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, இவள் மணவாட்டி, அவள் இல்லை என்று ஆள் ஆளாகப் பிரித்துப் போடுவதற்கு வேதத்தில் இடமில்லை.

கறைதிரை இல்லாதவர்கள் மட்டும்தான் என்கிறாரே பாஸ்டர், அதற்குக் கொரிந்து சபையைப் பாருங்கள். அந்தச் சபையார் கட்சி கட்டிக்கொண்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். இதையெல்லாம் முதல் நிருபத்தில் கண்டித்து எழுதின அதே பவுல், இரண்டாம் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில் அதே ஆட்களைப் பார்த்து, உங்களைக் கற்புள்ள கன்னிகையாகக் கிறிஸ்து என்னும் ஒரே புருஷனுக்கு நியமித்திருக்கிறேன் என்கிறார். யாரை? அந்த வழக்குக்காரர்களை. அவர்கள் முதலில் சுத்தமாகட்டும், நிச்சயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் வைக்கவில்லை. எபேசியரிலும் வரிசையைக் கவனியுங்கள். கிறிஸ்து அன்புகூர்ந்தார், ஒப்புக்கொடுத்தார், சுத்திகரிக்கிறார், கடைசியில்தான் கறைதிரையற்றவளாகத் தமக்கு முன் நிறுத்துகிறார். கறையை எடுப்பது மணவாளனுடைய வேலை.

நிச்சயம் என்று சொன்னேன், அதை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். அந்தக் கால யூதர்களிடம் கலியாணம் இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் நியமிக்கிறது. அப்புறம் சிலகாலம் கழித்து மணவாளன் வந்து வீட்டுக்கு அழைத்துப்போவது. நம் ஊரில் நிச்சயதார்த்தம் ஆனபின்னும் சில சமயம் முறிந்துபோகிறது. அங்கே அப்படி இல்லை. நியமித்துவிட்டால் அவள் மனைவிதான். அதனால்தான் இன்னும் கூடிவராத மரியாளை யோசேப்பு "தள்ளிவிட" யோசித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அது விவாகரத்துக்குச் சொல்கிற வார்த்தை. இப்போது சபை அந்த இடைக்காலத்தில் நிற்கிறது. நிச்சயம் ஆகிவிட்டது, விருந்து இன்னும் நடக்கவில்லை. உங்களுக்கு என் பதில் இதுதான்: ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்துவை நம்பி, அவருடைய ஜனத்தோடு சேர்ந்திருக்கிற நீங்களும் பாப்பாவும் உங்கள் வீட்டுக்காரரும் அந்த மணவாட்டிக்குள் இருக்கிறீர்கள்.

அப்படியானால் ஆயத்தம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். மத்தேயு 25-ல் கதவு அடைபட்டது என்பதை நான் மழுப்பமாட்டேன். அந்த எச்சரிக்கை உண்மையானது. ஆனால் எதற்கு ஆயத்தம், எப்படி ஆயத்தம் என்பதை வேதமே சொல்லட்டும். அதே அதிகாரத்தின் கடைசியில் பசித்தவன், தாகமாயிருந்தவன், அந்நியன், வியாதியஸ்தன், காவலிலிருந்தவன் எல்லாரும் வருகிறார்கள். அங்கே கேட்கப்படுகிற கேள்வி காலில் என்ன போட்டிருந்தாய் என்பது இல்லை.

வெளிப்படுத்தல் 19:8-ஐயும் பாருங்கள். மணவாட்டிக்குச் சுத்தமும் பிரகாசமுமான மெல்லிய வஸ்திரம், "தரித்துக்கொள்ளும்படி அவளுக்கு அளிக்கப்பட்டது." அளிக்கப்பட்டது. நமக்கு இது புரியாத விஷயமா? கூறைப்புடவை யார் வீட்டிலிருந்து வரும்? மாப்பிள்ளை வீட்டிலிருந்து. பெண் தன் காசில் வாங்கிக் கட்டிக்கொண்டு மேடைக்கு வருவதில்லை. அவர்கள் எடுத்துத் தருகிறார்கள், இவள் கட்டிக்கொள்கிறாள். அந்த வஸ்திரம் பரிசுத்தவான்களுடைய நீதிகள் என்றும் அதே வசனம் சொல்கிறது. நம் ஊர்த் தறியில் வெண்பட்டு ஏறுகிறதைப் பார்த்திருப்பீர்கள். பாவு ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், ஊடை ஒவ்வொரு இழையாகத்தான் போகிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் முழங்கூட ஏறியிருக்காது. நீங்கள் மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும், கூலியாளை ஏமாற்றாமல் இருப்பதும் அந்த ஊடை. கணக்குப் பார்த்துக் கலங்குகிறவள் கையில் தறி ஓடாது.

"எடுத்துக்கொள்ளப்படுதல்" பற்றி ஒரு விஷயம். 1 தெசலோனிக்கேயர் 4-ல் பவுல், கர்த்தர் ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும் வருவார் என்கிறார். யாருக்கும் தெரியாமல் அடுப்பங்கரையிலிருந்து அம்மாவை எடுத்துப்போவதாக அங்கே இல்லை. சபைக்கு முதலில் இரகசிய வருகை, பிறகு உலகத்துக்குத் தனியாக இன்னொரு வருகை என்ற போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரதரன் சபைப் போதகர் மூலமாகப் பரவியது. 1909-ல் வெளிவந்த ஸ்கோபீல்டு குறிப்பு வேதாகமம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. உண்மையாகக் கர்த்தரை நேசிக்கிறவர்கள் பலர் அதை நம்புகிறார்கள், அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அதற்கு முந்தின 1,800 வருஷத்துச் சபை அப்படி வாசிக்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இடத்தில் "எதிர்கொண்டுபோக" என்று ஒரு சொல் வருகிறது. மூல பாஷையான கிரேக்கத்தில் அதே சொல்தான் பத்துக் கன்னிகைகள் மணவாளனை எதிர்கொள்ளப் போகிற இடத்திலும் இருக்கிறது. ரோமாபுரிச் சகோதரர்கள் ஊருக்கு வெளியே வந்து பவுலைச் சந்தித்துக் கூட்டிப்போன இடத்திலும், அப்போஸ்தலர் 28-ல், அதே சொல்தான். வருகிறவரை ஊர் எல்லை வரை போய்ப் பார்த்து, மரியாதையோடு உள்ளே அழைத்துவருவது. இதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறதே! மாப்பிள்ளை அழைப்பு. மேளமும் மாலையும் பன்னீரும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டார் தெருமுனை வரை போகிறார்களே, அது. நான் தெசலோனிக்கேயரை அப்படித்தான் வாசிக்கிறேன். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வீட்டில் ஒரு பிள்ளை பயந்து நடுராத்திரி எழுந்து உட்கார்ந்திருந்தால், சொன்னவர்கள் எங்கேயோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பகுதியின் கடைசி வசனத்தைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்: "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்."

கொலுசுக்கு வருகிறேன். பாஸ்டர் சொன்னது சரிதான், ஏசாயா 3:18-ல் "பாதசரங்களின் சிங்காரம்" இருக்கிறது. அதிலிருந்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். நான்கு வசனம் மேலே போயிருக்க வேண்டும். 14-லும் 15-லும் கர்த்தர் பிரபுக்களோடும் மூப்பர்களோடும் வழக்காடுகிறார்: சிறுமைப்பட்டவனிடத்தில் கொள்ளையிட்ட பொருள் உங்கள் வீடுகளில் இருக்கிறது, என் ஜனத்தை ஏன் நொறுக்குகிறீர்கள் என்று. அப்படிக் கொள்ளையிட்ட வீடுகளின் பெண்கள் அகந்தையாய்க் கழுத்தை நிமிர்த்தி நடந்துபோகும்போது எழுந்த சத்தம் அது. கண் எரிய எரிய ஊதுகுழாயைப் பிடித்துப் பற்றவைக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கும், கூலிக்குச் சலங்கை கோக்கிற உங்களுக்கும் எதிராக அந்த வசனத்தைத் திருப்பியது எனக்கு வலிக்கிறது. ஏழையைப் பிழிந்தவர்களைக் கண்டிக்கிற வார்த்தை, கூலிக்காரியின் வீட்டில் வந்து விழுந்திருக்கிறது.

அதே ஏசாயா 61:10-ல், மணவாட்டி நகைகளினால் தன்னைச் சிங்காரித்துக்கொள்கிறதுபோலக் கர்த்தர் என்னை உடுத்தினார் என்கிறார். ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பெண் கேட்டு முடித்ததும், ஆதியாகமம் 24-ல், வெள்ளி ஆபரணங்களையும் பொன் ஆபரணங்களையும் வஸ்திரங்களையும் எடுத்துக் கொடுத்தான். அந்த அதிகாரத்தைத்தான் நம் எல்லாச் சபைகளிலும் கிறிஸ்துவுக்கும் மணவாட்டிக்கும் அடையாளமாகப் பிரசங்கிக்கிறோம். 1 பேதுரு 3-ம் 1 தீமோத்தேயு 2-ம் நகையை நம்பாதே, அதைக் காட்டிப் பெருமைப்படாதே என்கின்றன. அதை மனதாரக் கேட்டு நகையில்லாமல் எளிமையாக வாழ்கிறவர்களை நான் மதிக்கிறேன், அது அவர்களுடைய காணிக்கை. நீங்களும் அப்படி மனதாரக் கழற்றியிருந்தால் போடச் சொல்லமாட்டேன். பயந்து கழற்றின பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தொழிலை விடவேண்டாம். சொன்ன டச்சுக்கு (சுத்தத்துக்கு) வெள்ளி இருக்கட்டும், எடையில் குறையாமல் இருக்கட்டும், உதவிக்கு வருகிற பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி சரியாகப் போகட்டும். அதற்குமேல் அந்தத் தொழிலில் சுத்திகரிக்க ஒன்றுமில்லை. மல்கியா தீர்க்கதரிசி கர்த்தரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுகிறவர் என்கிறார். உங்கள் தெருவில் எந்தப் பட்டறையிலும் அதைப் பார்க்கலாம். புடம் போடுகிற ஆள் எழுந்து வெளியே போகமாட்டார்.

கறை என்று ஒன்றைத் தேடுவதாக இருந்தால், நான் வேறு இடத்தைக் காட்டுவேன். தமிழ்நாட்டில் ஒரே ஊரில் ஒரே கர்த்தரை வணங்குகிறவர்களுக்குச் சாதிவாரியாகக் கல்லறைத் தோட்டம் இருக்கிற இடங்கள் உண்டு. செத்த பிறகும் சேர்ந்து கிடக்க மனமில்லை. மணவாட்டியின் முகத்தில் இருக்கிற கறை அது. என் சபைகளுக்கும் அதில் பங்குண்டு, மேடையிலேயே அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் காலில் இருந்த கொலுசைக் கழற்றினவர்கள் இதைத் தொடவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி. கோபத்தில் கேட்டிருந்தாலும் பதில் சொல்லத்தக்கது. ஆண் எப்படி மணவாட்டி ஆவது? மேலே சொன்னபடி, ஆள் ஆளாக யாரும் ஆவதில்லை, முழு ஜனமும் சேர்ந்து ஆகிறது. இஸ்ரவேலில் போர்வீரனும் ஆசாரியனும் இருந்தார்கள், ஓசியா தீர்க்கதரிசி அத்தனை பேரையும் சேர்த்து ஒரு மனைவியாகத்தான் பார்த்தார். தமிழில் இது கூச்சப்படவேண்டிய பேச்சே இல்லை. ஆண்டவனை நாயகனாகவும் தன்னை நாயகியாகவும் வைத்து ஆண்களே பாடின மரபு இந்த மண்ணில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. நம்மவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அதை எடுத்துக்கொண்டு, பெத்லகேம் குறவஞ்சியில் கிறிஸ்துவின்மேல் காதல்கொண்ட நாயகியாகச் சபையைப் பாடினார். மேல்நாட்டிலும் 12-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டு என்ற துறவி, மடத்து ஆண்களுக்கு உன்னதப்பாட்டை வைத்து 86 பிரசங்கம் எழுதினார். எட்டு அதிகாரத்தில் மூன்றாவதன் தொடக்கத்தைத்தான் எட்டினார், அதற்குள் இறந்துபோனார். இதை அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். ஓசியா 2:16-ல் கர்த்தர், இனி என்னைப் "பாகாலி" என்று சொல்லாமல் "ஈஷி" என்று சொல்லுவாய் என்கிறார். பாகாலி என்றால் என் எஜமான். ஈஷி என்றால் என் புருஷன். எஜமானாக இருக்க உரிமையுள்ளவர், புருஷன் என்று கூப்பிடச் சொல்கிறார். இதைக் கேட்டபின் எந்த ஆணுக்கும் தன் மனைவியிடம் "பேசாமல் படு" என்று சொல்ல வாய் வராது. அவருக்கும் பயம் இருக்கலாம், சகோதரி. மகளும் மனைவியும் தன்னை விட்டுவிட்டு வேறு எங்கேயோ "எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள்" என்று அவருக்கு இரண்டு வருஷமாகத் தோன்றியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போய் வருகிற மனிதரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

அது செத்த சபையும் இல்லை. லண்டன் மிஷன்காரர்கள் சேலத்தில் ஊழியம் ஆரம்பித்தது 1827-ல். அவர்கள் வழிவந்தவர்களும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபையாரும் பழைய பிரிவுகளை விட்டு, 1947 செப்டம்பர் 27 அன்று ஒரே தென்னிந்தியத் திருச்சபையானார்கள். எல்லாரும் ஒன்றாயிருக்கவேண்டும் என்று இயேசு பண்ணின ஜெபத்தை நம்பி அதைச் செய்தார்கள். தூங்கி வழிகிற ஆராதனைகளும் எங்களிடம் உண்டு, மறுக்கவில்லை. உங்களை ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்றால் அது எங்கள் குறை, அதற்காக வருந்துகிறேன். ஜெப வீட்டில் கற்றுக்கொண்ட ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். எந்தச் சபைக்குப் போவது என்று நான் தீர்த்துச் சொல்லமாட்டேன். அடுத்த ஞாயிறு மட்டும் மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஒரே பெஞ்சில் உட்காருங்கள்.

பாஸ்டரிடம் வாதாடவேண்டாம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, இவள் ராத்திரி தூங்குவதில்லை. கர்த்தர் இவளைக் கைவிடமாட்டார் என்று நீங்களே இவளிடம் சொல்லி ஜெபம் பண்ணுங்கள்." நல்ல மேய்ப்பராக இருந்தால் அவர் கண் கலங்கும், தலையில் கை வைப்பார். அவரை இழக்கவேண்டாம். அதற்கும் நிபந்தனை போட்டால், அங்கே பாப்பாவை அனுப்பாதீர்கள். நீங்கள் அவளுடைய அம்மா, அந்த அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது.

இதை எழுதுகிற ஏற்காட்டு வீட்டுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காபிச் செடி இருக்கிறது. இப்போது கணுக்கணுவாக மொட்டு வைத்து அப்படியே நிற்கிறது. பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை, அரிசி மாதிரி. எத்தனை வெயில் அடித்தாலும் பிரியாது. பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு நல்ல மழை பெய்யவேண்டும். பெய்து எட்டு ஒன்பது நாளில், நன்றாக வளர்ந்த செடி, மெலிந்த செடி, வேலியோரத்தில் யாரும் கவனிக்காத செடி எல்லாம் சேர்ந்து ஒரே காலையில் சரிவு முழுக்க வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசம் மாதிரி வீட்டுக்குள் வரை வரும். இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். வருஷா வருஷம் பார்க்கிறேன், இன்னும் பார்த்து முடியவில்லை. மணவாட்டி என்ற வார்த்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சரிவுதான் கண்ணுக்கு வருகிறது.

இந்த வருஷம் மழை இன்னும் இறங்கவில்லை. பெய்ததும் எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் ஏறி வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பாப்பாவுக்கு மயக்கம் வருமென்றால் ஓர் எலுமிச்சம்பழம் கையில் கொடுங்கள். இங்கே மதியச் சாப்பாடு என் பொறுப்பு. அவளுக்கு மனமிருந்தால், அப்பா செய்த கொலுசைப் போட்டுக்கொண்டு வரட்டும். தோட்டத்தில் அவள் எங்கே நடக்கிறாள் என்று எனக்குச் சத்தம் கேட்கும்.